பேண்ட்வித்: அலைவரிசையும் இல்லை, அகலமும் இல்லை

இலங்கை மலையகத்து ஹட்டனில் கணினி திருத்துவது என் தொழில். போன வாரம் ஒரு தம்பி பழைய கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே திரைக்குப் படம் தரும் விஜிஏ கார்ட் ஒன்று, ஜிடி 730 ரகம், 2 ஜிபி நினைவகம். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து வைத்தேன். "அண்ணே, அலைவரிசை 900 இருக்கே, பிறகு ஏன் கேம் ஸ்டக் ஆகுது?" என்று கேட்டான். அவன் விரல் நின்றது நினைவகத்தின் 900 மெகாஹெர்ட்ஸ் மேல். அவன் பார்க்க வேண்டிய எண்ணோ சற்று மேலே இருந்தது: பேண்ட்வித் 14.4, அதாவது நினைவகத்திலிருந்து செக்கனுக்கு எத்தனை ஜிகாபைட் பாயலாம் என்ற கணக்கு. பேண்ட்வித்தைத்தான் 'நினைவக அலைவரிசை முக்கியம்' என்று ஒரு தமிழ் வீடியோவில் சொல்லக் கேட்டிருக்கிறான். அலைவரிசை என்றால் மெகாஹெர்ட்ஸ்தானே என்று தேடியிருக்கிறான். அவன் மேல் ஒரு பிழையும் இல்லை, பிழை அந்தச் சொல்லில் இருக்கிறது. அதை நான் கேட்பது எத்தனையாவது தடவையோ.

பேண்ட்வித் என்ற சொல்லின் கதை சிறியது. பேண்ட் என்றால் பட்டை, வித் என்றால் அகலம். வானொலியிலும் தொலைபேசியிலும் ஒரு சமிக்ஞைக்கு உரிய மீடிறன்களில் (ஃப்ரீக்வென்சி) மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையிலான தூரம் அது, ஹெர்ட்ஸில் அளப்பார்கள். ஒரு தடத்தில் செக்கனுக்கு எவ்வளவு தகவல் போகலாம் என்பதற்கு உச்ச எல்லை உண்டு, அது பட்டையின் அகலத்தையும் இரைச்சலையும் பொறுத்தது என்று 1948இல் கணிதவியலாளர் கிளாட் ஷனன் காட்டினார். அகலம் கூடினால் தகவலும் கூடும் என்பதால் கணினிக்காரர்கள் அகலத்தின் பெயரையே தகவலின் அளவுக்கும் வைத்துவிட்டார்கள். இது ஆங்கிலத்துக்குள் நடந்த பெயர் மாற்றம். தமிழுக்கு அந்தக் கடன் இல்லை.

இப்போது அலைவரிசைக்கு வருவோம். மலையகத்தில் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது யாரும் விளக்க வேண்டாத சொல். கொழும்பில் ஓர் எண்ணில் வரும் நிலையம் இங்கே மலைகளுக்கு நடுவில் வேறோர் எண்ணில் வரும். அறிவிப்பாளர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார், நாம் குமிழைத் திருகி அந்த இடத்தைப் பிடிப்போம். அலைவரிசை என்பது அந்த இடம். அதற்குக் கூடுதல், குறைவு என்ற பேச்சே கிடையாது. 'இந்த கார்டில் அலைவரிசை அதிகம்' என்று ஒருவர் எழுதினால் என் காதில் 'இந்த வீட்டில் முகவரி அதிகம்' என்பதுபோல் விழுகிறது. அதோடு விஜிஏ கார்டின் நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவில் வானொலி அலை எதுவும் ஓடவில்லை. செப்புத் தடங்களில் பிட்டுகள் ஓடுகின்றன.

சரி, பட்டையகலம் என்று சொல்லலாமே என்பார்கள். வானொலிக்கு அது நல்ல சொல்தான், அங்கே அதை யாரும் தொட வேண்டாம். விஜிஏ கார்டுக்கு அதைக் கொண்டு வந்தால் அலைவரிசையை விட மோசமாக ஏமாற்றும். ஏனென்றால் கார்டில் அகலம் என்று உண்மையாகவே வேறொன்று இருக்கிறது: 64 பிட், 128 பிட், 256 பிட் என்று பெட்டியில் போட்டிருக்கும் பஸ் அகலம், அதாவது ஒரே தடவையில் எத்தனை பிட் பக்கம் பக்கமாகப் போகலாம் என்பது. பட்டையகலம் என்று கேட்டவுடன் ஆள் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்.

அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஜிடி 730தான் சாட்சி. 2014இல் இதே பெயரில் மூன்று விதமாக வந்தது. டிடிஆர்3 நினைவகத்தோடு 128 பிட். அதே டிடிஆர்3 நினைவகத்தோடு 64 பிட். அதைவிட வேகமான ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு 64 பிட். செக்கனுக்கு முதலாவது 28.8 ஜிகாபைட், இரண்டாவது 14.4, மூன்றாவது 40. மூன்றாவதன் அகலம் முதலாவதில் பாதிதான், ஆனாலும் அதுவே முந்துகிறது. அகலத்தை நம்பி வாங்கினவர் 28.8ஐத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். (முதலாவதில் இருப்பது பழைய தலைமுறைச் சில்லு, கணக்குப் போடும் கோர்கள் 96, மற்ற இரண்டிலும் 384. அந்த வகையிலும் நட்டம்.)

தோட்டத்துப் பீலியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வாய் அகலமான பீலியில் தண்ணீர் சோம்பலாக வழியும். பக்கத்திலேயே ஒரு சின்னக் குழாயில் பீய்ச்சி அடிக்கும். எதில் குடம் சீக்கிரம் நிறைகிறது என்றுதான் வரிசையில் நிற்பவர் பார்ப்பார். பஸ் அகலம் என்பது பீலியின் வாய், மெகாஹெர்ட்ஸ் என்பது தண்ணீரின் வேகம், பேண்ட்வித் என்பது நிமிடத்துக்கு எத்தனை குடம் என்ற கணக்கு.

அதனால் நான் சொல்வது பாய்வுத்திறன். நினைவகப் பாய்வுத்திறன். பாய்வு வீதம் என்றும் யோசித்தேன். வீதம் என்பது இந்தக் கணத்தில் பாய்வதைச் சொல்லும். இந்த எண் சொல்வதோ உச்சமாக எவ்வளவு பாயலாம் என்பதை. கொள்ளளவு என்றால் 2 ஜிபி, 4 ஜிபியோடு குழம்பும், அந்தக் குழப்பம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பட்டியல் வைத்துக்கொண்டு, பொருள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே ஒட்டிவிடுகிறார்கள். நம் பாடநூலில் மீடிறன் என்ற அருமையான சொல் இருக்கிறது, மீள் என்பதும் திறன் என்பதும் சேர்ந்தது. அதை விட்டுவிட்டு மெகாஹெர்ட்ஸுக்கும் அலைவரிசை, பேண்ட்வித்துக்கும் அலைவரிசை என்று ஒரே பக்கத்தில் எழுதியதை நான் வாசித்திருக்கிறேன். சொல் சுத்தத் தமிழாக இருந்தால் போதாது. வாசிக்கிறவன் சரியான எண்ணில் விரல் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பேண்ட்வித் என்றே எழுதுங்கள், அதுவே மேல்.

அந்தத் தம்பிக்குத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 900 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் போகும் என்பதால் 1800. அதை 64ஆல் பெருக்கி, பிட்டை பைட் ஆக்க 8ஆல் வகுத்தால் 14,400 மெகாபைட், அதாவது 14.4 ஜிகாபைட். அப்புறம் அலுமாரியில் கிடந்த 8800 ஜிடி என்ற பழைய கார்ட் ஒன்றை எடுத்து வைத்தேன். 2007இல் வந்தது, 512 எம்பிதான். அதிலும் அதே 1800தான், பஸ் அகலம் மட்டும் 256 பிட். 1800ஐ 256ஆல் பெருக்கி 8ஆல் வகுக்கச் சொன்னேன். 57.6 ஜிகாபைட் வந்தது.

"நாலு மடங்கா அண்ணே?" என்று தாளை இரண்டு தடவை பார்த்தான். உடனே மாட்டித் தரச் சொன்னான். அதற்கு 6 பின் மின் இணைப்பு ஒன்று தனியாக வேண்டும். அவனுடைய பவர் சப்ளையில் அது இல்லை.