பழைய ப்ராசஸர ஓவர்க்ளாக் பண்ணா உள்ள என்ன நடக்குது? நம்ம ஊர் வெயிலையும் சேத்து ஒரு கணக்கு

பெங்களூர் ஆபீஸ்கள்ல கழிச்சு விட்ட சிஸ்டமெல்லாம் ஓசூர் வழியா கிருஷ்ணகிரி, தர்மபுரின்னு செகண்ட் ஹேண்டா வந்துட்டே இருக்கு, கோர் 2 டுவோ, பழைய ஐ5 எல்லாம் இன்னமும் நல்லாவே ஓடுது. இத வாங்கற காலேஜ் பசங்க கேக்கற கேள்வி ஒண்ணுதான்: அண்ணா, இத ஓவர்க்ளாக் பண்ணலாமா, அதாவது கம்பெனி குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டலாமா, பண்ணா புகைஞ்சிடுமா? புகையாது. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா எங்க நிறுத்தணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஒரு ப்ராசஸர எடுத்துக்கலாம். இன்டெல் கோர் 2 டுவோ ஈ8400, 2008 ஜனவரில வந்தது, 45 நானோமீட்டர், 3 ஜிகாஹெர்ட்ஸ். இந்த 3 எப்படி வருதுன்னா மதர்போர்டு 333 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு க்ளாக், அதாவது தாளம் மாதிரி ஒரு துடிப்பு அனுப்புது, அதத்தான் எஃப்எஸ்பின்னு சொல்றோம், ப்ராசஸர் அத உள்ள 9ஆல பெருக்கிக்குது, 333 பெருக்கல் 9, கிட்டத்தட்ட 3000. அந்த 9 லாக் ஆகியிருக்கு, மேல ஏத்த முடியாது. அப்போ நம்ம கைல இருக்கறது 333 மட்டும்தான். பயாஸ்ல, அதாவது போர்டோட செட்டிங் மெனுல போய் அத 400 ஆக்கினா 3.6 ஜிகாஹெர்ட்ஸ், 20 சதவீதம் ஏறிடுச்சு, அவ்ளோதான் ஓவர்க்ளாக்கிங். டிடிஆர்2 800 ரேம் போட்டிருந்தா இன்னும் வசதி, அந்த ரேமோட சொந்த க்ளாக்கே 400 தான், ரேம இழுத்துப் புடிக்காம ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு ஓடும்.

சரி, 3க்குன்னு செஞ்ச சாமான் 3.6ல எப்படி ஓடுது? 3 ஜிகாஹெர்ட்ஸ்னா ஒரு க்ளாக் துடிப்புக்கு 333 பிகோசெகண்ட், அந்த நேரத்துல வெளிச்சமே 10 சென்டிமீட்டர்தான் போகும். அதுக்குள்ள ஒரு சிக்னல் ஒரு ஃப்ளிப் ஃப்ளாப்புல (ஒரு பிட்ட புடிச்சு வெக்கற குட்டி சர்க்யூட்) கெளம்பி, நடுவுல இருக்கற ட்ரான்சிஸ்டர் கூட்டத்தயெல்லாம் தாண்டி அடுத்த ஃப்ளிப் ஃப்ளாப்புக்குப் போய்ச் சேந்திருக்கணும். வீட்டுக்குத் தளம் போடறப்போ கலவைச் சட்டிய கைமாத்தி விடுவாங்க பாருங்க, ஒரு சத்தம் குடுத்தா எல்லாரும் ஒரே நேரத்துல அடுத்த ஆளுக்குத் தள்ளணும், அந்த வரிசைல ரொம்ப மெதுவான ஆள் எவரோ அவரால முடியற வேகத்துலதான் சத்தமே குடுக்க முடியும். ப்ராசஸர்லயும் அப்படி ரொம்ப நேரம் எடுக்கற ஒரு வழி இருக்கும், க்ரிட்டிக்கல் பாத்னு பேரு, மொத்த சிப்போட வேகமும் அதுலதான் மாட்டிட்டு இருக்கு. 3.6க்கு ஏத்தினா துடிப்பு 278 பிகோசெகண்டா சுருங்கிடும், அந்த வழி அதுக்குள்ள முடிஞ்சா பிரச்சனையே இல்ல, முடியலன்னா ஃப்ளிப் ஃப்ளாப் பழைய கணக்கையே புடிச்சு வெச்சிக்கும், 1 இருக்க வேண்டிய இடத்துல 0.

பல சிப்புல அது முடிஞ்சிடுது, ஏன்னா கம்பெனி மிச்சம் விட்டுத்தான் விக்குது. பல வருஷம் ஓடித் தேஞ்ச சிப்பா இருந்தாலும், கேபினட் உள்ள வேகற சூடா இருந்தாலும், வோல்ட்டேஜ் கொஞ்சம் எறங்கினாலும் தப்புக் கணக்கு வரக் கூடாதுல்ல, அதுக்குத்தான் அந்த மிச்சம். இன்னொன்னு வியாபாரம். ஈ8400, ஈ8500, ஈ8600 மூணும் ஒரே டிசைன்தான், ஆனா எல்லாருக்கும் விலை கம்மியானதுதான் வேணும், அதனால மேல ஓடக்கூடிய சிப்பும் கீழ் நம்பர் ஒட்டி வெளிய வரும். 1998ல வந்த செலரான் 300ஏ இதுக்குப் பேர் போனது, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸ, அதாவது மேல சொன்ன எஃப்எஸ்பிய, 100க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450ல ஓடும், அன்னிக்கு 450 பென்டியம் 2வோட விலைல பாதி கூடக் கிடையாது அது.

இப்போ வோல்ட்டேஜ். எனக்குத் தெரிஞ்சு ஆளுங்க கவனிக்காம விடறது இதத்தான். வோல்ட்டேஜ் ஏத்தினா ட்ரான்சிஸ்டர் சீக்கிரமா ஸ்விட்ச் ஆகும், வேகம் பத்தாத அந்த வழியும் வேகமாயிடும், அதனால கை தானா அங்க போயிடும். ஆனா சிப்பு தின்ற பவர் க்ளாக்கோட நேரா ஏறுது, வோல்ட்டேஜோட வர்க்கமா ஏறுது. கணக்குப் போட்டே பாருங்க. 1.225 வோல்ட்ட மாத்தாமயே 3.6 வரைக்கும் போனா பவர் 20 சதவீதம்தான் கூடும். அங்கருந்து 4 ஜிகாஹெர்ட்ஸ் வேணும்னு 1.35 வோல்ட் குடுத்தா க்ளாக் இன்னொரு 11 சதவீதம் ஏறும், பவரோ அங்கருந்து மேல 35 சதவீதம் ஏறிடும். அது பூரா சூடுதான். அதனாலதான் சொல்றேன், க்ளாக் மலிவு, வோல்ட்தான் விலை ஜாஸ்தி. இந்த சிப்புக்கு இன்டெல் குறிச்ச வோல்ட்டேஜ் ரேஞ்ச் 1.3625ல முடியுது, அதத் தாண்டவே வேணாம். ஓவரா கரன்ட் பாஞ்சா உள்ள இருக்கற மெல்லிசான செம்பு ஒயர்ல எலக்ட்ரான் மோதி மோதி அணுவையே இடம் தள்ளும், எலக்ட்ரோமைக்ரேஷன், கரன்ட்டும் சூடும் சேந்து ஏறினா ஆயுசு வேகமா கொறையும்னு 1969லயே ப்ளாக்னு ஒரு இன்ஜினியர் சமன்பாடு எழுதி வெச்சிட்டாரு.

சூடுன்னதும் நம்ம ஊருக்கு வந்துதான் ஆகணும். கூலர் எவ்ளோ பெருசா இருந்தாலும் காத்தோட சூட்டுக்குக் கீழ எறக்க முடியாது, காத்துக்கு மேல இத்தன டிகிரின்னுதான் அது நிறுத்தும். முழு லோடுல 35 டிகிரி மேல நிக்கற செட்டப்னு வெச்சிக்கோங்க, மார்கழில ரூம் 24 டிகிரின்னா சிப்பு 59, தர்மபுரில மே மாசம் ரூம் 38 ஆச்சுன்னா அதே சிப்பு 73. ஓசூர்ல இருக்கறவங்க கொடுத்து வெச்சவங்க. சூடு ஏறினா சிலிக்கான்ல எலக்ட்ரான் ஓட்டம் தடைபட்டு ட்ரான்சிஸ்டர் மெதுவாகும், ஆஃப்ல இருக்கற ட்ரான்சிஸ்டர்லயும் கசியற லீக்கேஜ் கரன்ட் வேற ஏறி இன்னும் சூடாக்கும், ஆக டிசம்பர்ல எல்லா டெஸ்ட்டும் பாஸான அதே செட்டிங் ஏப்ரல்ல ப்ளூ ஸ்க்ரீன் அடிக்கும். சிப்பு கெட்டுப் போகல, நாம மிச்சத்த மொத்தமா எடுத்துட்டோம், அதுக்கு மேல வெயிலும் வந்து பங்கு கேக்குது.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடற இடத்துக்கிட்ட இருக்கற சிஸ்டத்தக் கழட்டிப் பாத்தா ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் வெள்ளத் தூசி அடைச்சு காத்தே போகாம இருக்கும். அத ப்ளோயர் வெச்சு ஊதி, காஞ்சு பொருக்கு தட்டின தெர்மல் பேஸ்ட்ட சுரண்டித் தொடச்சு புதுசு தடவுங்க. இந்த ப்ராசஸர் ஒக்கார்ற 775 சாக்கெட்டோட கூலர்ல நாலு மூலைல கறுப்பு ப்ளாஸ்டிக் பின் இருக்கும், நாலும் டக்குன்னு சத்தம் கேட்டு உள்ள போச்சான்னு போர்டத் திருப்பிப் பாத்து உறுதி பண்ணுங்க, ஒண்ணு தூக்கிட்டு நின்னாலும் கூலர் சாஞ்சு ஒரு பக்கம் ஒட்டாமப் போயிடும். மேல் பக்கம் உப்பின கெப்பாசிட்டர் இருக்கற போர்டா? ஓவர்க்ளாக் எண்ணத்தயே விட்டுடுங்க.

எஃப்எஸ்பிய ஏத்தறப்போ பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸா ஏத்துங்க, கிராஃபிக்ஸ் கார்டு மாட்டற பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸோட க்ளாக்க 100ல லாக் பண்ணி வெச்சிடுங்க, ஒவ்வொரு தடவையும் ப்ரைம்95 ஓட்டுங்க. விண்டோஸ் திறக்குதே, பாட்டு ஓடுதேன்னு நிம்மதியா இருக்கறது டெஸ்ட் கிடையாது. ப்ரைம்95 பெரிய பெரிய பகா எண் தேடறதுக்காக எழுதின ப்ரோக்ராம், ரொம்ப நீளமான எண்ணுங்கள தசம கணக்குல பெருக்கும், கடைசி விடை முழு எண்ணுக்குப் பக்கத்துல வந்து நிக்கணும். ரவுண்டிங் 0.5 வந்துச்சு, 0.4க்குக் கீழ இருக்கணும்னு ஒரு எரர் காட்டும் பாருங்க, அதுக்கு அர்த்தம் விடை ரெண்டு முழு எண்ணுக்கு நட்ட நடுவுல நிக்குது, அதாவது வந்தது குப்பை. சிஸ்டம் ஹேங் ஆகல, ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியல, ஆனா உள்ள கணக்கு தப்பாயிடுச்சு. எனக்கு பயமே இதுலதான். மாங்கா மண்டி கணக்கு ஏத்தற டேலி சிஸ்டத்துல இப்படி ஒரு பிட் பொரண்டா யார் கண்டுபுடிக்கறது? கடைக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஓடற மெஷின்ல ஒரு மெகாஹெர்ட்ஸ் கூட ஏத்தாதீங்க.

எல்லா சிஸ்டமும் இதுக்கு ஆகாது. பிராண்டட் ஆபீஸ் சிஸ்டம் பலதுல பயாஸ்ல இந்த ஆப்ஷனே இருக்காது. 2011ல வந்த ரெண்டாம் தலைமுறை ஐ5ல பேஸ் க்ளாக் 100 மெகாஹெர்ட்ஸ், பிசிஐ எக்ஸ்பிரஸ், ஹார்ட் டிஸ்க் மாட்டற சாட்டா எல்லாம் அதோட கட்டிப் போட்டிருக்கு, ஒரு அஞ்சு சதவீதம் தாண்டறதுக்குள்ள தடுமாறிடும். 2500கே மாதிரி கே போட்டது, கூட பி67, இசட்68 மாதிரி ஒரு போர்டு, இப்படி ப்ராசஸரும் போர்டும் சேந்தாத்தான் மல்டிப்ளையர் (ஈ8400ல பாத்த 9 மாதிரி பெருக்கற எண்) முழுசா திறக்கும், எச்61 போர்டு வெச்சிருக்கறவங்க அலைய வேணாம். இன்னும் ஹார்ட் டிஸ்க்ல ஓடற சிஸ்டம்னா கைல இருக்கற காசுக்கு மொதல்ல எஸ்எஸ்டி போடுங்க, வித்தியாசம் அதுலதான் கண்ணுக்குத் தெரியும். ஈ8400ல எஸ்எஸ்இ 4.2ங்கற கட்டளைத் தொகுப்பு கிடையாது, 4 ஜிகாஹெர்ட்ஸ் ஓட்டினாலும் அது வரப் போறதில்ல, புது விண்டோஸ் 11 அதுல பூட்டே ஆகாது, லினக்ஸ்தான் வழி.

ஏத்தி டிஸ்ப்ளே வரலன்னா பதற வேணாம். பவர் கேபிள உருவிட்டு, போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரியக் கழட்டி கொஞ்ச நேரம் விட்டு மாட்டுங்க, இல்லன்னா க்ளியர் சிமாஸ் ஜம்பர மாத்திப் போடுங்க, பயாஸ் பழைய 333க்கே திரும்பிடும். நம்ம செட்டிங் எதுவும் ப்ராசஸருக்குள்ள எழுதப்படறதில்ல. டெஸ்ட்ல எது நின்னுச்சோ அதுலருந்து ரெண்டு படி எறக்கி ஒரு ப்ரொஃபைலா சேவ் பண்ணுங்க, சித்திரை வைகாசிக்குன்னு 333லயே இன்னொரு ப்ரொஃபைல் தனியா வெச்சிடுங்க.