"சண்டையே போடல மேடம், ஆனா அவன் மேல இருந்த மரியாதை போயிடுச்சு"

தூக்கம் வரலன்னுதான் அவர் வந்தார். வயசு ஐம்பதைத் தாண்டிடுச்சு, பி.பி. நார்மல், சுகர் நார்மல், டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பார்த்துட்டு கவுன்சலிங் போங்கன்னு அனுப்பிட்டார். (ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு விவரத்தை மாத்திதான் எழுதறேன், ஏறக்குறைய இதே கதையோட வேற சிலரும் வந்திருக்காங்க.) மூணாவது சிட்டிங்லதான் விஷயம் வெளிய வந்துச்சு. வீட்ல ஒண்ணுமில்ல, ஆபீஸ்ல ஒண்ணுமில்ல, எல்லாம் ஒரு முப்பது வருஷ ஃப்ரெண்டால.

ரெண்டு பேரும் காலேஜ்லயிருந்தே சாதி ஒழிப்பு பேசினவங்க. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்கல்ல, அதைச் சொல்லாம அந்த ஃப்ரெண்டு மேடையை விட்டு இறங்க மாட்டாராம். அண்ணா ஆட்சிக்கு வந்ததும் 1967ல சட்டம் போட்டு செல்லும்னு ஆக்கின அந்த சுயமரியாதைக் கல்யாணம்தான் அவரும் பண்ணிக்கிட்டார், ஐயர் இல்ல, ஜாதகம் இல்ல, மாலை எடுத்துக் கொடுத்ததே எங்கிட்ட வந்த இவர்தான். இப்ப அவர் பொண்ணுக்கு வரன் பாக்கறார், மேட்ரிமோனி ப்ரொஃபைல்ல சாதி போட்டு, உட்பிரிவு போட்டு, வேற பிரிவு வேண்டாம்னும் போட்டு, அதை இவருக்கே வாட்ஸப்ல அனுப்பி "நம்மாளுங்கள்ல யாராச்சும் இருந்தா சொல்லுடா"ன்னு ஒரு வரி.

"முன்னாடியெல்லாம் நம்மாளுன்னா இயக்கத்து ஆளு மேடம்"னு சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஒண்ணு கவனிச்சிருக்கேன். எதிர்க்கட்சி ஃப்ரெண்டால தூக்கம் போச்சுன்னு எங்கிட்ட யாரும் வந்ததில்ல, அவங்களோட கத்தி சண்டை போட்டுட்டு அப்புறம் ஒண்ணா டீ குடிக்கப் போயிடறாங்க. வர்றவங்க எல்லாம் கூடவே கொடி பிடிச்ச ஆளால அடிபட்டவங்க.

ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1959ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஸ்டூடண்ட்ஸை ஒரு மணி நேரம் மகா போரான வேலை செய்ய விட்டு, அடுத்து வர்ற ஆள்கிட்ட "செம ஜாலியா இருந்துச்சு"ன்னு பொய் சொல்லச் சொன்னாங்க, சிலருக்கு கூலி ஒரு டாலர், சிலருக்கு இருபது. அப்புறம் தனியா கேட்டப்போ அந்த வேலை நிஜமாவே நல்லா இருந்துச்சுன்னு சொன்னது ஒரு டாலர் கோஷ்டிதான். இருபது வாங்கினவனுக்கு காசுக்காக சொன்னேன்னு ஒரு சமாதானம் இருக்கு, ஒரு டாலருக்கு என்ன சமாதானம் இருக்கு, அதனால மனசு கருத்தையே மாத்திக்குது.

இந்த ஃப்ரெண்டும் அந்த மாதிரிதான். ஊரே கூடி மிரட்டியிருந்தா "வேற வழியில்லடா"ன்னு ஒத்துக்கிட்டிருப்பார். நடந்தது அக்கா தங்கச்சி முணுமுணுப்பு மட்டும்தான், அதுக்குப் போய் வளைஞ்சோம்னு ஒத்துக்க முடியல, அதனால "அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு, பிராக்டிகலா யோசி"ன்னு கொள்கையையே குறை சொல்லிக்கிட்டிருக்கார். இந்த நிலைமையில அவர் பழைய பேச்சை எடுத்து அவருக்கே ஃபார்வர்டு பண்ணாதீங்க, இன்னும் முறுக்கிக்குவார். நேர்ல, ஒரே ஒரு தடவை, இது எனக்கு எப்படி வலிச்சதுன்னு மட்டும் சொல்லுங்கன்னேன்.

கூடவே இன்னொண்ணும் கேட்டேன், உங்க பையன் கல்யாணம் எப்படின்னு. "அது லவ் மேடம்... ஆனா பொண்ணு எங்க பக்கம்தான், அதுல எங்கம்மாவுக்கு சந்தோஷம், எனக்கும்தான்"னார். அந்த "எனக்கும்தான்"ல குரல் இறங்கிடுச்சு. கோவத்துல பாதி அந்த ஃப்ரெண்டு மேல இல்லன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சது, அவருக்கும் புரிஞ்சிருக்கும்.

இதெல்லாம் ஒரு பிரச்சனையான்னு நினைச்சு அடக்கி வைக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெட்டாலோ, அந்த ஆளோட போன் வந்தாலே நெஞ்சு படபடத்தாலோ யார்கிட்டயாச்சும் பேசுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

அவர் போய்ப் பேசிட்டார். ஃப்ரெண்டு பதிலே சொல்லலையாம், டீக்கு காசு மட்டும் கொடுத்துட்டு எழுந்தாராம். "இப்ப அஞ்சு மணி நேரம் தூங்கறேன் மேடம்"னார். ப்ரொஃபைல் இன்னும் அப்படியேதான் இருக்காம்.