நடுவில் குவியும் பதில்கள்: ஊழியர் சர்வேயில் மொழி அமைப்பு

நிறுவனங்களுக்கு ஊழியர் சர்வே நடத்திக்கொடுப்பது என் வேலை. ஒரு முறை ஓர் உற்பத்திப் பிரிவின் முடிவுகளைத் திறந்தேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் ‘ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை’ என்ற நடுப் பதிலே குவிந்திருந்தது. அந்தப் பிரிவில் பெரிய குறையும் இல்லை, நிறைவும் இல்லை என்று நிர்வாகம் முடிவுகட்டத் தயாராக இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தேன். எல்லோரும் ஒரே பொதுக் கணினியில் நிரப்பியிருந்தார்கள். அதன் பிரவுசர் ஆங்கிலத்தில் இருந்ததால் சர்வேயும் ஆங்கிலத்திலேயே திறந்திருக்கிறது. தமிழ் வடிவம் தயாராகத்தான் இருந்தது. திரையின் மேல் மூலையில் இருந்த சின்ன உலக உருண்டைப் படத்தைத் தொட்டால் வரும். அதைத் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. “பாதி புரியலைங்க. பின்னாடி ஆள் நிக்குறாங்க. நடுவுல இருக்கிறதையே தட்டிட்டு வந்துட்டேன்” என்றார் ஒருவர். மொழி புரியாதவர் பெரும்பாலும் புகார் சொல்ல மாட்டார். எதையாவது தட்டிவிட்டுப் போய்விடுவார். நமக்கோ அதுவும் ஒரு கருத்தாகவே வந்து சேரும்.

எந்த மொழியில் திறப்பது என்பதை மென்பொருள் பொதுவாக நான்கு வழிகளில் தீர்மானிக்கிறது: அனுப்பிய லிங்க்கிலேயே மொழி குறிக்கப்பட்டிருக்கலாம், ஊழியர் பட்டியலில் மொழிக்கு ஒரு நெடுவரிசை இருக்கலாம், பிரவுசரின் மொழியைப் பார்க்கலாம், இவை எதுவும் இல்லையென்றால் இயல்பு மொழி, அதாவது மென்பொருளில் முன்பே அமைத்துவைத்த மொழி. உங்கள் மென்பொருளில் இவற்றுள் எது முந்தும் என்று தெரிந்துகொள்ளாமல் சர்வேயை அனுப்பாதீர்கள். பொதுக் கணினி இருக்கும் இடத்தில் பிரவுசரை நம்பவே கூடாது. அங்கே முதல் திரையே மொழித் தேர்வாக இருக்கட்டும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில், விரல் படும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். கொடிப் படம் வேண்டாம். கொடி நாட்டுக்கு உரியது, ஒரு நாட்டில் பல மொழிகள் உண்டு. பட்டியலில் மொழி நெடுவரிசையைப் பெயரையும் ஊரையும் வைத்து ஊகித்து நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. ஒரு மொழியில் பேசி, வேறொரு மொழியில் படிக்கிறவர்கள் ஏராளம். ஊழியரையே கேட்டு நிரப்புங்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பு முடிந்தபின் மூலக் கேள்வியில் கைவைப்பது. கடைசி நேரத்தில் யாரோ ஒரு கேள்வியைச் சேர்ப்பார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு இருக்காது. தமிழ்க் கேள்விகளுக்கு நடுவே அது மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். இதைவிடக் கெட்டது, பழைய கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுவது. ஆங்கிலத்தில் ஒன்றைக் கேட்போம், தமிழில் பழையதே நிற்கும், இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்போம். அதனால் கேள்விகள் இறுதியாகும் வரை மொழிபெயர்ப்பைத் தொடங்கவே விடுவதில்லை நான்.

மொழிபெயர்ப்பில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் ‘வி’ (we) தமிழில் நாமா, நாங்களா? இயந்திர மொழிபெயர்ப்பில் பல நேரம் ‘எங்கள் நிறுவனம்’ என்று வந்துவிடுகிறது. படிக்கும் ஊழியரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசும் சொல் அது. ‘நம் நிறுவனத்தில் என் கருத்துக்கு மதிப்பு இருக்கிறது’ என்று கேட்டால்தான் அவரும் உள்ளே இருக்கிறார். ‘எங்கேஜ்மென்ட்’ என்ற தலைப்பு ‘நிச்சயதார்த்தம்’ என்று வந்ததையும் கண்ணால் பார்த்தேன். வேலையில் ஈடுபாடு என்று திருத்தினோம். இயந்திரம் தருவதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைத்தளத்தில் இருக்கும் இரண்டு பேரை உட்காரவைத்து, கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள்.

ஊழியரின் பெயர் தானாக வந்து விழும் இடங்களிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பெயர் தனியாக நிற்கும், தமிழில் வேற்றுமை உருபு ஒட்டும். ‘குமார்’ என்ற பெயருடன் மென்பொருள் ‘க்கு’ சேர்த்தால் ‘குமார்க்கு’ என்றுதான் வரும். ‘வணக்கம், குமார்’ என்பதுபோலப் பெயர் தனித்து நிற்கும்படி வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டால் சரி.

எஸ்எம்எஸ்ஸில் அழைப்பு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் 70தான். ‘கருத்துக்கணிப்பு’ நமக்கு 9 எழுத்து, புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு 16. அழைப்பைச் சுருக்காவிட்டால் செய்தி இரண்டு மூன்றாகக் கணக்காகும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி சர்வே உருவாக்காதீர்கள். ஒரே சர்வே, பல மொழி, பதில்களுக்கு ஒரே எண். ஒரு மொழியில் 5 என்றால் முழுச் சம்மதம், இன்னொன்றில் 1 என்று மாறிப்போனால் பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ரகசியம். ஒரு குழுவில் ஒரு மொழியில் பதில் எழுதியவர் ஒரே ஒருவர் என்றால், மொழிவாரியாகப் பிரித்துப் பார்த்ததுமே அவர் யாரென்று தெரிந்துவிடும். மேலாளர்களுக்குப் போகும் அறிக்கையில் மொழிப் பிரிப்பை மூடிவையுங்கள். குறைந்தது 5 பதில் இல்லாத குழுவின் முடிவைக் காட்டாமல் இருப்பது பரவலான வழக்கம். மொழிக்கும் அதே வரம்பைப் போடுங்கள். எழுதிய கருத்துகளை எல்லாம் ஒரே மொழிக்குக் கொண்டுவந்து, எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற அடையாளத்தை நீக்கியபிறகே மேலே அனுப்புங்கள். அப்படிச் செய்வோம் என்பதை முதல் திரையில், அவரவர் மொழியில், கேள்விகள் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.