இரண்டு டிரைவரும் கொஞ்சம் கேரம் பவுடரும்

எங்கள் ராயபுரத்தில் டிரைவர் என்றால் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற ஆள்தான். அதனால் தங்கை மகன் போனில், "மாமா, ரெண்டு டிரைவர் பாத்துனுகீறேன், எத எடுக்கலாம் சொல்லு" என்றபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மேனேஜர் ஒருநாள் கூட்டிப்போனதில் பையனுக்கு கோல்ஃப் பித்துப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நந்தனம் கோல்ஃப் மைதானம் பக்கம் கிளம்பிவிடுகிறான்.

கோல்ஃபில் டிரைவர் என்பது முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டை. நுனியில் பெரிய மாங்காய் அளவுக்கு உள்ளீடற்ற ஒரு தலை. பந்தில் படுகிற முகம் மெல்லிய டைட்டானியத் தகடு. அவன் பார்த்து வைத்திருந்தது பிங் கம்பெனியின் ஜி430 வரிசையில் இரண்டு: 'மேக்ஸ் 10கே', 'எல்எஸ்டி'. இரண்டும் செகண்ட் ஹேண்ட், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கேரம் ஆடியவனுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். (செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, எங்கள் பக்கம் கேரம் தெரியாது என்று சொல்ல எவனுக்கும் தைரியம் வராது.) ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் ஐந்து கிராம் சொச்சம். கனமானது லேசானதைத் தட்டினால், தட்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் லேசானது ஓடும். மட்டையின் தலை சுமார் 200 கிராம், பந்து 46 கிராம். இங்கேயும் அதே கதைதான்.

எவ்வளவு வேகம் கூடும் என்பதற்கு கோல்ஃப் விதியே ஓர் எல்லை போட்டிருக்கிறது. தலையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி விரிகிறது. நசுங்குவதில் ஆற்றல் கொஞ்சம் சூடாகி வீணாகிறது. மெல்லிய முகம் தானும் உள்வாங்கிக் கொடுத்தால் பந்து அவ்வளவு நசுங்காது, வீணாவதும் குறையும். இந்த வித்தையைக் கம்பெனிகள் எல்லை மீறிக் கொண்டுபோகாமலிருக்க, நெருங்கும் வேகத்தில் சுமார் 83 சதவீதத்துக்கு மேல் விலகும் வேகமாகத் திரும்பக்கூடாது என்று விதி கட்டிவிட்டார்கள். இந்த எண்களைப் போட்டுப் பார்த்தால், நடுமுகத்தில் பட்ட பந்து தலையின் வேகத்தைப் போல 1.49 மடங்கு வேகத்தில் கிளம்பும். எல்எஸ்டி ஆனாலும் 10கே ஆனாலும் இது மாறாது. இந்த இரண்டு மட்டையும், ஏன், எல்லாக் கம்பெனியின் மட்டையும் கிட்டத்தட்ட அந்த எல்லைக் கோட்டில்தான் நிற்கின்றன.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பந்து நடுவில் படாதபோது.

தண்ணீர் லாரி வந்த காலத்தில் ஆளுக்கு இரண்டு குடம் தூக்கியது ஞாபகமிருக்கும். கை இரண்டையும் உடம்போடு ஒட்டித் தூக்கினால் சட்டென்று திரும்பலாம். கையை அகட்டிப் பிடித்துத் திரும்பிப் பாருங்கள். குடம் திரும்ப மறுக்கும், திரும்பினால் நிற்க மறுக்கும். எடை அதேதான், அது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் மாறியது. தூரத்தின் வர்க்கத்தோடு எடையைப் பெருக்கி வருவதை நிலைமத் திருப்புத்திறன் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். டிரைவரின் எடையை ஓரங்களுக்கும் பின்புறத்துக்கும் தள்ளி வைத்தால், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது.

10கே என்ற பெயர் இங்கிருந்துதான் வருகிறது. பத்தாயிரம், கிராம் சதுர சென்டிமீட்டர் கணக்கில். ஆனால் அது இரண்டு எண்களின் கூட்டல்: இடவலத் திருகலுக்கு ஒன்று, மேல்கீழ்த் திருகலுக்கு ஒன்று. இடவலத்துக்கு மட்டும்தான் விதி 5,900 என்று எல்லை வைத்திருக்கிறது, அளவீட்டுப் பிழைக்கு இன்னும் 100. கூட்டிச் சொன்னால் எண் பெரிசாகத் தெரியும் இல்லையா, விற்கிறவன் மூளை.

சரி, பலன் எவ்வளவு? கணக்குக்காக இடவல எண் ஒரு தலைக்கு 4,500, இன்னொன்றுக்கு 5,800 என்று வைத்துக்கொள்வோம். பந்து நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் படுகிறது. 1.49 என்பது முதல் தலையில் 1.44 ஆகிறது, இரண்டாவதில் 1.45. தூரத்தில் ஒன்றிரண்டு மீட்டர். திருகல் ஒன்றில் ஒன்றரை டிகிரி, மற்றதில் 1.2. விளம்பரம் பேசுகிற பேச்சுக்கு இது கொசுறு. அதே பந்தை நடுவில் அடித்திருந்தால் ஆறேழு மீட்டர் கூடக் கிடைத்திருக்கும். ஷாஃப்டை ஓர் அங்குலம் தாழ்த்திப் பிடித்தாலே நடுவில் படுவது கூடும், அதற்குக் காசு வேண்டாம்.

எல்எஸ்டியில் எடை முகத்துக்குக் கிட்டே இருக்கிறது. அதனால் பந்தின் பின்சுழற்சி குறையும். பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்கும். சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. வேகமாக அடிக்கிறவனுக்கு இது மிதமிஞ்சிப்போய் பந்து மாஞ்சா அறுந்த காத்தாடி மாதிரி மேலே ஏறி அங்கேயே விழும். அவனுக்கு எல்எஸ்டி மருந்து. மெதுவாக அடிக்கிறவன் அதை எடுத்தால் பந்து தாங்கல் இல்லாமல் சீக்கிரம் தரை இறங்கிவிடும்.

ஆகவே மருமகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உனக்குப் பந்து முகத்தில் எங்கே படுகிறது? தெரியாது என்றான். வீட்டில் கேரம் பவுடர் இருக்குமே, முகத்தில் மெல்லிசாகத் தடவிப் பத்துப் பந்து அடி, ஒவ்வொரு தடத்தையும் போட்டோ எடு என்றேன். கடைக்காரர் சம்மதத்தோடு இரண்டு மட்டையையும் எடுத்துப்போய் அடித்திருக்கிறான்.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் இருபது படம் வந்தது. நடுவில் பட்டது மூன்று. மீதி எல்லாம் நுனிப்பக்கமும் அடிப்பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன. "10கே தான் மாமா" என்று அவனே எழுதியிருந்தான். கீழே இன்னொரு வரி: "கேரம் பவுடர் தீந்துட்ச்சி, அப்பா கத்துறாரு."