இன்டர்ஃபெரான்னா என்ன, அதை தமிழ்ல எப்படி சொல்றது

இன்டர்ஃபெரான்ங்கறது வைரஸ் புகுந்த செல் வெளிய விடற ஒரு புரதம். இந்தப் பேரு வந்தது 1957-ல. லண்டன்ல அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டென்மன்னு ரெண்டு விஞ்ஞானிங்க. சூடு பண்ணி செயலிழக்க வச்ச ஃப்ளூ வைரஸை கோழிமுட்டைக் கருவோட சவ்வுத் துண்டுல கலந்து ஊற வச்சாங்க, அப்புறம் அந்தத் தண்ணியை மட்டும் எடுத்து புது சவ்வுல ஊத்தி, அதுல உயிருள்ள வைரஸை விட்டா அது சரியா பெருகவே இல்ல. ஒரு வைரஸ் வந்த இடத்துல இன்னொண்ணு வளராம போறதுக்கு அப்பவே இன்டர்ஃபெரன்ஸ்னு பேரு இருந்துச்சு, அதுல இருந்து எடுத்து வச்சதுதான் இது. மூலம் பழைய பிரெஞ்சு, ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறதுன்னு அர்த்தம், அதுக்கும் அடியில லத்தீன்.

தமிழ்ல சில பேரு இதை "எதிர்ப்பொருள்"னு எழுதறாங்க. தயவு செஞ்சு வேண்டாம், அது ஆன்டிபாடிக்கு உள்ள சொல். ஆன்டிபாடி நேரா போய் கிருமியைப் பிடிக்கும், இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடவே தொடாது. வைரஸ் புகுந்த செல் இதை வெளிய விடும், பக்கத்து செல் மேல போய் ஒட்டும், உடனே அந்த செல் நூத்துக்கணக்கான ஜீன்களை முடுக்கி விட்டு வைரஸுக்கு வழி அடைச்சிரும். அதனால "குறுக்கீட்டுப் புரதம்"தான் சரி. பிசிக்ஸ்ல ஒளிக்கு குறுக்கீட்டு விளைவுன்னு ஏற்கனவே படிச்சிருக்கோம், அதே வேர்ச்சொல்தான்.

இங்க தென்னாப்பிரிக்கால இருக்கிற நமக்கு இந்தக் கதை ரொம்ப கிட்ட, ஏன்னா பண்ணைக் குட்டைல கிடக்கிற பிளாட்டானா தவளை, பின்னங்கால்ல நகம் இருக்கும், வாயில நாக்கே இருக்காது, அதுதான் இன்டர்ஃபெரான் ஜீன் ஆராய்ச்சிக்கு முக்கியமான பிராணி. 1930-கள்ல கேப்டவுன்ல கர்ப்பம் டெஸ்ட் பண்ண இதைத்தான் யூஸ் பண்ணாங்க, பெண்ணோட சிறுநீரை ஊசி போட்டா பெண் தவளை முட்டை போட்ரும். அப்படியே உலகம் பூரா லேபுக்கு போயிருச்சு, 2016-ல இதோட ஜீனோமும், அதாவது முழு டிஎன்ஏ தொகுப்பும், வந்துருச்சு.

இனிமேதான் சுவாரசியம். மீனோட இன்டர்ஃபெரான் ஜீன் நடுவுல இன்ட்ரான் இருக்கும், அதாவது ஜீனைப் பார்த்து ஆர்என்ஏ செய்தி எழுதினதும் அதுல இருந்து வெட்டி எறியற துண்டுகள். இன்டர்ஃபெரான்ல பல வகை உண்டு, நமக்கும் கோழிக்கும் அதுல முதல் வகையோட ஜீன்ல இன்ட்ரான் கிடையாது. நீர்நில வாழ்விகள் பிரிஞ்சு போன பிறகுதான் இன்ட்ரான் போச்சுன்னு முதல்ல நினைச்சாங்க, ஏன்னா தவளைல முதல்ல கிடைச்சது இன்ட்ரான் உள்ளதுதான். அப்புறம் தேடினா இல்லாததும் அதே தவளைல நிறைய இருக்கு! வெட்டி முடிச்ச ஆர்என்ஏ திரும்ப டிஎன்ஏவா மாறி ஜீனோம்ல ஒட்டிக்கிட்டா இப்படி ஆகும், தவளை வம்சத்துல அது தனியா நடந்திருக்குன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இதை "மீள்பதிவு"ன்னு எழுதலாம்னு எனக்குத் தோணுது, ரெட்ரோபொசிஷன்னு வாய் நிறைய சொல்றதுக்கு பதிலா.

முதல் வகை, மூணாவது வகைன்னு பிரிக்கிறதையும் சும்மா விட்ராதீங்க. தவளைகளைத் தாக்கற ரானாவைரஸ் வந்தா வளர்ந்த பிளாட்டானா பெரும்பாலும் தப்பிச்சிரும், தலைப்பிரட்டைதான் கொத்துக்கொத்தா சாகும். பெருசு முதல் வகையை நம்பி நிக்குது, தலைப்பிரட்டை மூணாவது வகையைத்தான் அதிகமா விடுது. அதனால எழுதும்போது வெறுமனே "தவளையோட குறுக்கீட்டுப் புரதம்"னு நிறுத்தாம எந்த வகை, எந்த வயசு தவளைன்னும் சேர்த்து எழுதுங்க.