காளையோடு பிறந்த கிடாரி ஏன் சினை பிடிப்பதில்லை?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டுப் பிரீசியன் மாடு இரட்டைக் கன்று போட்டதாம், ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரிக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது, ஆள் நல்ல வளர்த்தி, ஆனால் ஒரு தடவைகூடப் பருவத்துக்கு வரவில்லை. லயத்தில் ஆளாளுக்கு "இரட்டைக் கன்று குடும்பத்துக்கு ஆகாது, வித்துப்போடு" என்கிறார்களாம். ஆகாதது எதுவும் இல்லை ஐயா. அந்தக் கிடாரியின் உடம்பில் கூடப்பிறந்த காளையின் இரத்தமும் ஓடுகிறது, பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடுகிறது.

எக்ஸ் இரண்டு என்றால் பெண், எக்ஸும் வையும் என்றால் ஆண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சரி. ஆனால் வை நிறமூர்த்தம் ஆணுடம்பு முழுவதையும் செய்வதில்லை. அதிலுள்ள எஸ்ஆர்வை என்ற பரம்பரையலகு (1990இல் கண்டுபிடித்தார்கள்) விதைகளை, அதாவது ஆணின் விரைகளை, உண்டாக்கும் வேலையைத் தொடக்கிவிடுகிறது, மிச்சத்தை விதைகள் சுரக்கும் ஓமோன்கள் பார்த்துக்கொள்கின்றன. முக்கியமானவை இரண்டு: ஆணுறுப்புகளை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன், கருப்பையாக வேண்டிய குழாயைக் கரைத்துவிடும் ஏஎம்எச். எந்தக் கருவாக இருந்தாலும் ஆரம்பத்தில் இரண்டு வகைக் குழாய்களும் இருக்கும், எது நிற்கும் எது கரையும் என்பது பிறகுதான்.

இப்போது மாட்டின் வயிற்றுக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரட்டைக் கருக்கள் பக்கத்தில் பக்கத்தில் வளரும்போது இரண்டின் நஞ்சுக்கொடிகளும் ஒட்டி, இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. ஒரே பீலியிலிருந்து இரண்டு லயத்துக்குக் குழாய் இழுத்த மாதிரி, ஒரு பக்கம் கலந்தது மறுபக்கமும் வந்துதான் தீரும். காளைக் கருவின் விதைகள் சீக்கிரமாகவே, சூல் கொண்டு 40 நாள் வாக்கிலேயே, வேலையைத் தொடங்கிவிடும், கிடாரியின் சூலகம் அப்போது இன்னும் தயாராகியிருக்காது. காளையின் ஏஎம்எச் இந்தப் பக்கம் வந்து கிடாரியின் கருப்பைக் குழாயைக் கரைக்கிறது, சூலகத்தையும் வளரவிடாமல் செய்கிறது, சிலவற்றில் சூலகம் விதையைப் போலவே மாறிப்போகும். வெளியில் பார்த்தால் கிடாரி, உள்ளே இரண்டும் கெட்டான். காளையோடு பிறக்கும் கிடாரிகளில் 100க்கு 90க்கு மேல் இப்படித்தான். காளைக்குப் பெரும்பாலும் பெரிய பாதிப்பில்லை.

ஓமோன் மட்டும் வந்திருந்தால் கதை பிறப்போடு முடிந்திருக்கும். இரத்தத்தை உண்டாக்கும் மூல உயிரணுக்களும் அந்த வழியாக இடம் மாறி, எலும்பு மச்சையில் குடியேறிவிடுகின்றன. அதனால்தான் அந்தக் கிடாரியின் இரத்தத்தில் சாகும்வரை வை நிறமூர்த்தமுள்ள உயிரணுக்கள் இருக்கும். 1945இல் ரே ஓவன் என்ற அமெரிக்கர் இதைக் கவனித்தார்: இரட்டைக் கன்றுகளில் இருவகை இரத்தமும் சண்டையில்லாமல் கலந்திருந்தன. பிறகு இங்கிலாந்தில் பீட்டர் மெடவர் என்ற விஞ்ஞானி, ஒருகரு இரட்டை மற்றதன் தோலை ஏற்கும், இருகரு இரட்டை தள்ளிவிடும், ஆகவே தோல் ஒட்டிப் பார்த்தாலே எது எது என்று சொல்லிவிடலாம் என நம்பிக் கன்றுகளில் செய்துபார்த்தார். ஏறக்குறைய எல்லாக் கன்றும் உடன்பிறப்பின் தோலை ஏற்றுக்கொண்டுவிட்டது! அந்த ஏமாற்றத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனதில்தான் உடம்பு அந்நிய உறுப்பை எப்போது பொறுத்துக்கொள்ளும் என்ற அறிவு வளர்ந்தது, 1960இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. இன்றைக்கு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் மலட்டுக் கிடாரியின் இரத்தத்தைப் பார்க்கப் பணம் கேட்டால் "இதனால் பால் கூடுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள் என்பது என் சந்தேகம்.

வாசகர் கிடாரியை விற்பதற்கு முன் மாட்டு டாக்டரிடம் காட்டட்டும். இந்த வகைக் கிடாரிக்கு யோனிக் குழாய் மிகக் குட்டையாக இருக்கும், அளந்து பார்த்தாலே அநேகமாகத் தெரிந்துவிடும். இரத்தப் பரிசோதனையும் உண்டு.

மனிதர்களில் ஆணும் பெண்ணுமாய் இரட்டை பிறந்தால் இந்தப் பயம் வேண்டாம், நம் இரட்டைகளின் நஞ்சுக்கொடிக் குழாய்கள் அப்படி இணைவது மிக அரிது. ஆனால் அதே ஓமோன்கள்தான் நமக்கும். எக்ஸ்-வை உள்ள ஒரு குழந்தையின் உடம்பு டெஸ்டோஸ்டிரோனை உணராமல் போனால், அது வெளியில் முழுப் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளரும். ஏஎம்எச் மட்டும் தன் வேலையைச் செய்துவிட்டதால் கருப்பை இருக்காது. 16 வயதாகியும் பிள்ளை பெரியாளாகவில்லை, சடங்கு வைக்க முடியவில்லை என்று வீட்டில் பதறி, கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போய் அடி வாங்க வைப்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் அது. இன்னொரு பக்கம், எக்ஸ்-எக்ஸ் குழந்தையின் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பி ஆண் ஓமோனை அதிகமாகச் சுரந்து, பிறந்த உடனே ஆணா பெண்ணா என்று தெரியாத உறுப்போடு வரலாம். இதில் ஒரு வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி சில வாரங்களுக்குள் உயிருக்கே ஆபத்தாகும், அப்படி ஒரு குழந்தை பிறந்தால் யாரிடம் மறைப்பது என்று யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

மருந்து அவசரம், கத்தி அவசரமில்லை. பார்வைக்குச் சரியாக இருக்கட்டும் என்று கைக்குழந்தையின் உறுப்பை வெட்டித் திருத்தும் பழக்கத்தை மால்டா 2015இல் சட்டம் போட்டு நிறுத்தியது, தமிழ்நாடு 2019இல் உயிராபத்து இல்லாவிட்டால் செய்யக்கூடாது என்று அரசாணை போட்டது. நம் இலங்கையிலும் அப்படியொன்று வேண்டும் என்பேன், வெட்டியதைப் பிள்ளை வளர்ந்து கேட்கும்போது திருப்பி ஒட்டித் தர எந்த டாக்டராலும் முடியாது.