மூட்டைக்குக் கனம் போதாதா, கயிறு எதற்கு?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “பண்ருட்டியில் ரெண்டு பலாப்பழமும் ஒரு சிப்பம் அரிசியும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு பாண்டிக்குப் போனோம். அரியாங்குப்பம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. வீட்டுக்காரர் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினார். பின்னால் திடும் என்று சத்தம். பழம் உருண்டது சரி, அது உருண்டை. அரிசிச் சிப்பமும் ஏன் ஐயா முன்னால் வந்து சீட்டில் முட்டிக்கொண்டு நின்றது? கனமான சாமானுக்குக் கட்டு வேண்டாம், அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்றுதானே சொல்கிறார்கள்?”

சொல்கிறார்கள். குடும்பத்தோடு வீடு மாற்றுகிறவர்கள் முதல் கல்யாணச் சாமான் ஏற்றுகிறவர்கள் வரை எல்லாரும் சொல்கிறார்கள். அது முழுக்கத் தப்பு.

நிலைமம் பற்றிப் பள்ளியில் படித்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. கார் நிற்கும்போது மூட்டை பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும், அவ்வளவுதான். அதைக் காரோடு சேர்த்து நிறுத்த வேண்டியது டிக்கியின் தரை. தரைக்கு இருக்கும் ஒரே பிடி உராய்வு. ஆக, கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: மூட்டையை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? தரையால் எவ்வளவு தர முடியும்?

காய்ந்த தார் ரோடு, நல்ல டயர், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) உள்ள கார் என்றால் முழு பிரேக்கில் எதிர் முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், ஈர்ப்பு முடுக்கத்தின் 0.8 மடங்கு வரை போகும். சிப்பம் 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். (25 கிலோ வரையான பைகளுக்கு 2022-இல் ஜிஎஸ்டி வந்ததும் பல ஆலைகள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கின என்பது வேறு கணக்கு.) அதைக் காரோடு சேர்த்து நிறுத்த 20 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். சாக்குக்கும் டிக்கி விரிப்புக்கும் இடையே உராய்வுக் குணகம் (பாரத்தில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கும் என்ற எண்) 0.4 என்றால் தரையால் தர முடிவது 10 கிலோ. தேவையில் பாதி. மூட்டை வழுக்கத்தான் செய்யும்.

சரி, கனத்தைக் கூட்டுவோம். மேலே இன்னொரு சிப்பம். இப்போது தரை தரும் பிடி 20 கிலோ ஆகிவிட்டது. ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் இரட்டித்ததால் தேவை 40 கிலோ. மறுபடியும் பாதிதான். நாலு சிப்பம் அடுக்கினாலும் பாதி, பத்து அடுக்கினாலும் பாதி. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. ஒரே விரிப்பு, ஒரே சாக்குத் துணி என்றால் அரைக் கிலோப் பொட்டலமும் நூறு கிலோ மூட்டையும் ஒரே நொடியில் வழுக்கத் தொடங்கும்.

இது நம் அனுபவத்துக்கு ஒவ்வாதது போலத் தோன்றக் காரணம் இருக்கிறது. நாம் மூட்டையைக் கையால் தள்ளிப் பழகியவர்கள். கையின் பலம் மாறாது. மூட்டை கனத்தால் உராய்வு மட்டும் கூடும், நாம் தோற்போம். பிரேக் அப்படியில்லை. அது ஒவ்வொரு பொருளையும் அதனதன் நிறைக்குத் தக்கபடி இழுக்கிறது. பெரியதற்குப் பெரிய இழுப்பு, சின்னதற்குச் சின்ன இழுப்பு. இந்த விஷயத்தில் அதற்குப் பாரபட்சமே கிடையாது.

உராய்வு சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்திராது என்று 1699-இல் பாரீஸ் அறிவியல் கழகத்தில் அறிவித்தவர் கியோம் அமோன்டோன். சிறு வயதிலேயே காது கேளாமல் போனவர். (டச்சுக்காரர்கள் 1693-இல் பிடித்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்ததும் அதே 1699-இல்தான். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எனக்குப் பிடித்த தற்செயல்.) லியனார்டோ டா வின்சி அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார், வெளியே தெரியவில்லை. பரப்பு பெரிதானாலும் உராய்வு கூடாது என்பதைக் கழகத்தில் பலர் நம்பவில்லை. நமக்கும்தான் நம்ப முடிகிறதா? மூட்டையைப் படுக்க வைத்தால் நிற்கவைத்ததைவிட நன்றாகப் பிடிக்கும் என்றுதானே நினைக்கிறோம்?

விளக்கம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் காட்டியது இது: எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்போது மேட்டு நுனிகள் மட்டுமே நிஜமாகத் தொடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பரப்பில் அது மிகச் சிறிய பங்கு. மேலே பாரம் ஏறினால் நுனிகள் நசுங்குகின்றன, புது நுனிகள் வந்து தொடுகின்றன. நிஜத் தொடுபரப்பு பாரத்தோடு சேர்ந்து வளர்கிறது, உராய்வும் அதோடு வளர்கிறது. படுக்க வைத்தால் நுனிகளின் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒவ்வொன்றிலும் விழும் பாரம் குறையும். கூட்டிக் கழித்தால் அதே அளவு. சாக்கு, கம்பளம் மாதிரி நார்ப் பொருள்களில் இந்த விதி கொஞ்சம் வளையும், உடையாது.

உராய்வு ஆராய்ச்சி என்றால் நம் ஊரில் யாரும் கை தட்டமாட்டார்கள். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டலில் எனக்குப் பொறாமை இல்லை, அதுவும் வேண்டும்தான். ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் டயர், பிரேக் பட்டை, சாக்குத்துணி என்று வேலை செய்கிறவருக்கு என்ன மிஞ்சும்?

இனி கயிறு. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கயிறு மூட்டையை முன்னால் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது என்றுதான் நினைக்கிறோம். மூட்டைக்குக் குறுக்கே, மேலாகப் போட்டு இரண்டு பக்கமும் தரை வளையத்தில் கட்டும் கயிறு அந்த வேலையைச் செய்வதே இல்லை. அது மூட்டையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அழுத்தினால் நுனிகள் நசுங்கும், உராய்வு கூடும். ஆனால் நிறை ஒரு கிராம்கூடக் கூடவில்லை! பிரேக் கேட்கும் விசை அதே 20 கிலோதான். தரை தரும் பிடி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நம் கணக்கில் பற்றாக்குறை 10 கிலோ பிடி. குணகம் 0.4 என்றால் 25 கிலோ கூடுதல் அழுத்தம் போதும். அதாவது கயிறு என்பது மூட்டையின் மேல் ஏற்றிய, எடை மட்டும் உள்ள, நிறையே இல்லாத இன்னொரு சிப்பம். நிஜச் சிப்பத்தால் முடியாததை இந்த மாயச் சிப்பம் சாதிக்கிறது. இருபுறமும் இழுப்பதால் கயிற்றில் இருக்க வேண்டிய இழுவிசை அதில் பாதி, பன்னிரண்டரை கிலோ. கையால் இழுத்துக் கட்டினாலே வந்துவிடும்.

கோணம் முக்கியம். கயிறு செங்குத்தாக இறங்கினால் முழு இழுவிசையும் அழுத்தமாகிறது. தரையோடு 30 பாகைக்குப் படிந்து ஓடினால் பாதிதான். உயரமான பெட்டிக்குக் கட்டும் கயிறு நன்றாக வேலை செய்து, தட்டையான பார்சலுக்குக் கட்டும் அதே கயிறு ஏமாற்றுவது இதனால்தான். அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் குணகம் 0.6 ஆகும். தேவைப்படும் அழுத்தம் 25 கிலோவிலிருந்து எட்டு சொச்சத்துக்கு இறங்கிவிடும். சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரமான இ.என். 12195-1 இதே வழியில்தான் கணக்குப் போடுகிறது: முன்பக்கம் ஈர்ப்பின் 0.8 மடங்கு, பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 மடங்கு.

இதை நம் லோடுமேன்கள் யாரிடமும் படிக்கவில்லை. பண்ருட்டியில் முந்திரி ஏற்றிய லாரியைப் பாருங்கள். கயிற்றுக்குள் ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்குவார்கள். பிறகு விரலால் சுண்டுவார்கள். தொய்வாக இருந்தால் சத்தம் மந்தமாக வரும், இன்னொரு முறுக்கு. சில கிலோமீட்டர் போனதும் டீக்கடையில் நிறுத்தி மறுபடி சுண்டிப் பார்ப்பது சம்பிரதாயம் இல்லை. குலுங்கலில் மூட்டைகள் அமுங்கி ஒரு விரற்கடை இறங்கினாலும் நீளாத கயிற்றில் இழுவிசை ஏறக்குறைய போய்விடும். கயிறு கட்டியபடிதான் தெரியும், மாயச் சிப்பம் மட்டும் இறங்கிப் போயிருக்கும்.

பலாப்பழத்துக்கு இந்தக் கணக்கு உதவாது, அது வழுக்காமல் உருள்கிறதே. குடம் வைக்கும் பிரிமணை இருந்தால் அதில் உட்கார வைக்கலாம். வளையத்தின் உள்விட்டம் பழத்தின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால் 0.8 பிரேக்குக்கும் பழம் வளையத்தை ஏறித் தாண்டாது. இன்னும் சுலபம்: முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளம். காரிலேயே தாழ்ந்த இடம், நாலு பக்கமும் தடுப்பு. யாரும் உட்காராத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

இவ்வளவும் பிரேக்குக்கு. மோதல் வேறு உலகம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் முகப்பு நசுங்கி அரை மீட்டருக்குள் நின்றால் எதிர் முடுக்கம் ஈர்ப்பைப் போல 20 மடங்கு. நம் சிப்பம் 500 கிலோ விசையோடு முன்னால் பாயும். உராய்வை மறந்துவிட வேண்டியதுதான். கனமானதைத் தரையில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி வையுங்கள். ஒட்டியிருந்தால் சீட்டோடு சேர்ந்து வேகம் குறையும். இடைவெளி விட்டால் வேகம் குறையாமலே வந்து இடிக்கும். சீட்டின் முதுகுக்கும் எல்லை உண்டு. ஐ.நா.வின் வாகன விதி 17, சீட்டு முதுகுக்குப் பின்னால் தலா 18 கிலோவாக இரண்டு கட்டைகளை வைத்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குச் சோதிக்கச் சொல்கிறது. அதாவது 36 கிலோ. நாலு சிப்பம் இல்லை. பின்னால் யாரும் உட்காராவிட்டாலும் பெல்ட்டுகளைக் கொக்கியில் மாட்டிவிடுங்கள், முதுகுக்கு அது கூடுதல் தாங்கல்.

டிக்கிக்கு மேலே, பின் கண்ணாடியை ஒட்டிய தட்டு சாமான் வைக்கும் இடமே அல்ல. குடை, ஃபிளாஸ்க், பொம்மை எது வைத்தாலும் அது தலை உயரத்தில் காத்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடிப்பதும் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. பாட்டிலுக்குக் கதவுப் பையே சரி. டிரைவர் காலடிக்கு உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் மோதல்கூட வேண்டாம், அதுவே போதும். கிளவ் பாக்ஸைச் சாத்தி வையுங்கள்.

டேஷ்போர்டு பிள்ளையாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் பயன் இல்லை, கேடும் இல்லை, போகட்டும். ஆனால் இடப்பக்கக் காற்றுப்பையின் மூடிமேல் பசை போட்டு உலோகச் சிலையை ஒட்டுவது அப்படியல்ல. அந்தப் பை மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். மேலே இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கே வரும். காப்பவரை ஆயுதமாக்குவதில் என்ன பக்தி? கீழே, கியருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

கடைசியாக, பின் சக்கர அச்சுக்கும் பின்னால் ஏற்றும் பாரம் நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்கும். முன் டயரின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முழுச் சுமைக்கான காற்றழுத்தம் பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பங்க்கில் காற்று அடிப்பவரிடம் அதைக் காட்டுங்கள். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறிய திருகு ஒன்று இருக்கும். பின்னால் பாரம் ஏற ஏற அதைத் திருகி விளக்கைத் தாழ்த்த வேண்டும். சாமானை இறக்கியதும் மறுபடி 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி ரெட்டிச்சாவடி ரோட்டில் பம்பருக்கு முன்னால் இருக்கும் தரை மட்டும்தான் தெரியும்.